குளிசையும் மௌனமும்



ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பியபின் குடும்பத்தார் கைமாற்றிக் கைமாற்றி வாசிக்கும் பத்திரிகை இது. இதிலே பெண்கள் உட்கொள்ளும் கருத்தடைக் குளிசையைப் பற்றி எழுதுவது தகுமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பிள்ளைகளின் கண்ணிற் படுமே என்று தாய்மார் கூச்சப்படவும் கூடும். அந்தக் கூச்சத்தைப் பற்றியே இவ்வாரம் எழுதப் போகிறோம். ஏனெனில் குளிசையினால் வரும் ஆபத்து ஒரு பங்கு என்றால், அதைப் பற்றிப் பேசாமல் மூடி வைப்பதனால் வரும் ஆபத்து மறு பங்கு.

கருத்தடைக் குளிசை பாவிக்கும் பெண்களிற் சிலருக்கு நாளங்களினுள் இரத்தம் உறைந்து கட்டியாகிறது என்பது இன்று மருத்துவ உலகில் யாரும் மறுக்காத உண்மை. அந்த உண்மையை நாம் என்ன செய்கிறோம் என்பதே நம் முன் உள்ள ஒழுக்கக் கேள்வி. ஒரு சாரார், குளிசை பரவ வேண்டும் என்பதற்காக அதை மழுப்பிச் சொல்கின்றனர். வேறொரு சாரார், குளிசை ஒழிய வேண்டும் என்பதற்காக அதை ஊதிப் பெருப்பிக்கின்றனர். இரு சாராருக்கும் நடுவே நிற்கும் பெண்ணுக்குத் தன் உடலைப் பற்றிய முழு உண்மையும் கிடைப்பதில்லை. அந்த உண்மை அவளுக்கு யாரும் இடும் பிச்சையன்று; நாம் அவளுக்குச் செலுத்த வேண்டிய கடன். அந்தக் கடனைப் பற்றியே வாசகரோடு சிறிது பேச விரும்புகிறோம்.

இணுவிலில் எழுந்த சுவர்கள்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கே போகிறவர்கள் இணுவிலைக் கடந்தே போக வேண்டும். நாதசுரத்துக்கும் தவிலுக்கும் பேர்போன சைவக் கிராமம் அது. ஆனால் குடாநாட்டின் எத்தனையோ குடும்பங்களுக்கு இணுவில் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பிள்ளைப்பேறுதான். பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென்று அமெரிக்க மிஷனார் 1898 இல் அங்கே நிறுவிய மக்லியொட் ஆசுபத்திரியில் தலைமுறை தலைமுறையாக நம்மவர் பிறந்திருக்கின்றனர். அது நமது சபையாரின் தாபனமன்று. எனினும் நன்மையை யார் செய்தாலும் அது நன்மையே.

பெண்களுக்கென்று தனியே ஓர் ஆசுபத்திரி ஏன் தேவைப்பட்டது? பக்கத்து ஊராகிய மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1848 முதலே மருத்துவப் பணி செய்து வந்தார். தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். வைத்தியமும் இருந்தது, அதைத் தாய்மொழியில் சொல்லும் மனமும் இருந்தது. ஆயினும் ஆண் வைத்தியர் தம்மைத் தொட்டுப் பார்ப்பதிலும் சாவதே மேல் என்றிருந்த பெண்கள் அக்காலத்தில் பலர். பிரசவம் தடைப்பட்டுக் கிடக்கும் மகளை வெளியே காட்ட மறுத்த குடும்பங்களும் பல. மருந்து இருந்தும் கூச்சம் குறுக்கே நின்றது. பெண் வைத்தியர்களைக் கொண்ட ஆசுபத்திரி அந்தக் கூச்சத்தைத் தாண்டுவதற்கான வழியாக எழுந்தது. வைத்தியர் இசபெல்லா கேர் அம்மையார் அங்கே நெடுங்காலம் பணியாற்றினார்.

இணுவிற் பணிக்கென்று 1896 இல் கடல் கடந்து வந்த இன்னோர் இளம் வைத்தியரும் இருந்தார். அவர் கனடா நாட்டவரான மேரி இர்வின். தமிழர் ஒருவரை அவர் மணந்ததை மிஷனார் ஏற்றுக்கொள்ளவில்லை. எனவே அவருடைய வாழ்க்கைப் பணி கொழும்பில் அமைந்தது. மேரி இரத்தினம் என்ற பெயரில் இந்நாடு அவரை அறிந்தது. கிராமத்துப் பெண்களுக்காக இலங்கை மகிளா சமித்தியை 1930 இல் தொடங்கியவர் அவர். 1958 இல் மகசேசே விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1953 இல் இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் தோன்றியபோது அதன் முன்னோடிகளில் ஒருவராக நின்றவரும் அவரே. அவர் தெரிந்துகொண்ட வழியோடு திருச்சபை உடன்படவில்லை. ஆனால் ஓயாத பிரசவங்களால் நலிந்த ஏழைத் தாய்மாரின் துயரம் கற்பனையன்று. அதைக் காணாதவர்போல் கடந்து போகும் உரிமை நமக்கும் இல்லை.

அவர் 1962 இல் காலமானார். கருத்தடைக் குளிசை அப்போதுதான் உலகச் சந்தைக்கு வந்திருந்தது. அதன் ஆபத்தைப் பற்றிய முதற் குரலும் அப்போதுதான் எழத் தொடங்கியிருந்தது.

இரத்தம் உறைவது எப்படி?

இரத்தம் உறைவது இறைவன் உடலுக்குத் தந்த காவல். கத்தி பட்ட விரலில் இரத்தம் தானாக நிற்பது அதனால்தான். பிள்ளை பெற்ற தாய் இரத்தப் பெருக்கினால் மாளாதிருப்பதும் அதனால்தான். கர்ப்ப காலத்தில் பெண்ணுடலில் ஈஸ்திரோஜன் என்னும் சுரப்பு பெருகுகிறது. அது ஈரலைத் தூண்டி, இரத்தத்தை உறையச் செய்யும் பொருட்களை அதிகமாக்குகிறது. உறைவைத் தடுக்கும் பொருட்கள் சிலவற்றைக் குறைக்கிறது. பிரசவ நாளுக்கென்று உடல் முன்கூட்டியே செய்துகொள்ளும் ஆயத்தம் இது.

வழக்கமான கருத்தடைக் குளிசையில் இரண்டு சுரப்புகள் கலந்துள்ளன. அவற்றில் ஒன்று இந்த ஈஸ்திரோஜன். ஆகவே காயமும் இல்லாமல், பிரசவமும் இல்லாமல், உடல் அதே ஆயத்தத்தைச் செய்கிறது. பெரும்பாலான பெண்களுக்கு இதனால் ஒன்றும் நேர்வதில்லை. சிலருக்கோ காலின் ஆழத்திலுள்ள நாளத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டி பிய்ந்து, இருதயத்தின் வழியாகச் சுவாசப்பைக்குச் சென்று அங்கே இரத்தக் குழாயை அடைத்துவிட்டால், சில நிமிடங்களில் உயிர் போகவும் கூடும். இன்னும் அரிதாகச் சிலருக்கு மூளையின் நாளங்களிலேயே உறைவு ஏற்படுகிறது.

எத்தனை பேருக்கு? இங்கேதான் வாசகர் நிதானமாகக் கணக்குப் பார்க்க வேண்டும். மடுத் திருவிழாவில் ஒரு புறத்தில் கூடி நிற்கும் 10,000 இளம் பெண்களை மனக்கண்ணில் நிறுத்துங்கள். அவர்களில் எவரும் குளிசை பாவிக்காவிட்டாலும், கர்ப்பமாக இல்லாவிட்டாலும், ஓர் ஆண்டில் ஏறக்குறைய 2 பேருக்கு இத்தகைய உறைவு வரும். லெவனோஜெஸ்ட்ரல் போன்ற பழைய துணைச் சுரப்புக் கலந்த குளிசையை 10,000 பேரும் பாவித்தால் 5 முதல் 7 பேருக்கு வரும். டெசோஜெஸ்ட்ரல், ஜெஸ்டோடீன், ட்ரொஸ்பிரெனோன் என்பன கலந்த புதிய குளிசைகள் என்றால் 9 முதல் 12 பேருக்கு வரும். ஐரோப்பிய மருந்து அதிகார சபை 2013 இல் வெளியிட்ட கணக்கு இது. உறைவு வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர் இறக்கக்கூடும்.

இன்னொரு கணக்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் திணைக்களம் 2012 இல் எடுத்துக்காட்டியபடி, கர்ப்ப காலத்தில் இந்த ஆபத்து ஆண்டுக்கு 10,000 பேருக்கு 5 முதல் 20 வரை இருக்கிறது. பிள்ளை பெற்றபின் வரும் முதல் வாரங்களிலோ அது 40 முதல் 65 என்ற வீதத்துக்கு ஏறுகிறது. அதாவது குளிசையால் வரும் ஆபத்தைவிடப் பிள்ளைப்பேற்றை ஒட்டி வரும் ஆபத்தே பெரிது. இதை ஒரு கத்தோலிக்கப் பத்திரிகை ஏன் எழுத வேண்டும் என்று கேட்கிறீர்களா? இது உண்மை என்பதனால் எழுத வேண்டும். இதை மறைத்துவிட்டு முதற் கணக்கை மட்டும் சொன்னால் நாம் பாதி உண்மை பேசியவர்கள் ஆவோம்.

சொல்லாமல் விட்ட வரலாறு

குளிசையின் ஆரம்ப வரலாறே மௌனத்தின் வரலாறுதான். 1956 இல் போர்த்தோ ரிக்கோத் தீவின் ரியோ பியெத்ராஸ் என்னும் இடத்தில் ஏழைப் பெண்களிடம் அது பரிசோதிக்கப்பட்டது. கருத்தரிக்காதிருக்க ஒரு மருந்து என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. தாங்கள் ஒரு பரிசோதனைக்கு உட்படுகிறோம் என்பது சொல்லப்படவில்லை. அங்கே பணிக்குப் பொறுப்பாயிருந்த வைத்தியர் எட்ரிஸ் றைஸ் றே, நூற்றுக்குப் பதினேழு பேர் தலைசுற்று, வாந்தி, தலையிடி முதலியவற்றால் வருந்துகிறார்கள் என்று அறிக்கை எழுதினார். பெண்களின் மனப்பிரமை என்று அது ஒதுக்கப்பட்டது. 1960 இல் அமெரிக்காவில் இனோவிட் என்ற பெயரில் கருத்தடைக்கென அனுமதிக்கப்பட்ட அந்தக் குளிசையில் மெஸ்திரனோல் என்னும் ஈஸ்திரோஜன் வகை 150 மைக்கிரோகிராம் இருந்தது. இன்றைய குளிசைகளில் பெரும்பாலும் இருப்பது வேறொரு வகை ஈஸ்திரோஜன். அதன் அளவு 20 முதல் 35 மைக்கிரோகிராம் மட்டுமே.

1961 இல் இங்கிலாந்தின் சவ்வொக் பகுதியைச் சேர்ந்த ஜோர்டன் என்னும் வைத்தியர் லான்செட் மருத்துவ சஞ்சிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். தாதி ஒருவர் இந்தக் குளிசையைப் பாவித்து வந்தபோது அவருடைய சுவாசப்பையில் இரத்தக்கட்டி அடைத்துக்கொண்டது என்பதே செய்தி. ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தாதி கருத்தடைக்காகக் குளிசையை எடுக்கவில்லை. கருப்பை சம்பந்தமான நோய் ஒன்றுக்குச் சிகிச்சையாகவே எடுத்தார்.

குளிசை பாவித்த பெண்ணுக்கு நோய் வந்தால், இது கடவுள் கொடுத்த தண்டனை என்று சொல்லும் நாக்குகள் நம்மிடையே இல்லாமலில்லை. அவர்கள் இந்தத் தாதியை எண்ணிப் பார்க்கட்டும். எதற்காக இந்தக் குளிசையை விழுங்கினாய் என்று இரத்தக்கட்டி கேட்பதில்லை. மருந்தாக உண்டவளுக்கும் வருகிறது. கருத்தடைக்கு உண்டவளுக்கும் வருகிறது. ஒன்றும் உண்ணாமல் பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவளுக்கும் வருகிறது. பிறவியிலேயே குருடனான மனிதனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது நம் ஆண்டவர் அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

ஆபத்து உண்டென்று பிரித்தானிய ஆய்வாளர்கள் 1968 இல் கணக்கோடு நிலைநாட்டினர். 50 மைக்கிரோகிராமுக்கு மேல் ஈஸ்திரோஜன் உள்ள குளிசைகளைத் தவிர்க்குமாறு 1969 டிசம்பரில் அந்நாட்டு மருந்துப் பாதுகாப்புக் குழு வைத்தியர்களுக்கு அறிவித்தது. 1970 இல் அமெரிக்க மூதவையில் செனட்டர் கேலோர்ட் நெல்சன் தலைமையில் பகிரங்க விசாரணை நடந்தது. சாட்சியம் சொல்ல நிபுணர்கள் வரிசையாக அழைக்கப்பட்டனர். குளிசையை விழுங்கிய பெண்களில் ஒருவரேனும் அழைக்கப்படவில்லை. பார்வையாளராக இருந்த இளம் பெண்கள் எழுந்து நின்று, இது எங்கள் உடல் அல்லவா, எங்களிடம் ஏன் கேட்கவில்லை என்று முழங்கினர். அதன் பயனாகவே அவ்வாண்டு முதல் குளிசைப் பெட்டியோடு ஆபத்தை விளக்கும் தாள் ஒன்று வைக்கப்பட வேண்டும் என்ற விதி வந்தது. இன்று பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் அந்தச் சிறிய எழுத்துத் தாளை நம்மில் எத்தனை பேர் விரித்துப் பார்த்திருக்கிறோம்?

பயமுறுத்துவதும் பொய்யே

மறைப்பது குற்றம் என்றால், மிகைப்படுத்துவது புண்ணியமாகிவிடுமா? இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1995 ஒக்டோபரில், புதிய வகைக் குளிசைகளால் உறைவு வரும் ஆபத்துப் பழைய வகையைவிட இரு மடங்கு என்று பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு அவசர அறிவித்தல் விடுத்தது. செய்தி பொய்யன்று. ஆனால் இரு மடங்கு என்ற சொல் மட்டுமே மக்கள் காதில் விழுந்தது. 10,000 பேரில் சிலர் என்பது வேறு சிலர் ஆகிறது என்ற கணக்கு விழவில்லை. பீதியுற்ற பெண்கள் பலர் யாரிடமும் கேளாமல் குளிசையைத் திடீரென நிறுத்தினர். விளைவு என்ன? மறு ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் பல ஆயிரத்தால் அதிகரித்தன.

கத்தோலிக்க வாசகரே, இந்த இடத்தில் சிறிது நில்லுங்கள். குளிசையை எதிர்ப்பதற்கு நல்ல ஆயுதம் கிடைத்தது என்று இரத்தக்கட்டியின் கதையைக் கையிலெடுத்து, கேட்பவர் நடுங்கும்படி பேசுவோர் நம்மிடையேயும் உண்டு. அவர்களுடைய நோக்கம் நல்லதாயிருக்கலாம். ஆனால் பயத்தினால் ஒருவரை ஒரு வழியிலிருந்து விரட்டிவிடலாமேயன்றி, நல்வழியில் நடத்திவிட முடியாது. விரட்டப்பட்டவர் ஓடி விழும் கிணறு முன்னையதிலும் ஆழமாயிருக்கலாம். எட்டாம் கட்டளை எதிரிக்கு விரோதமாக மட்டும் இடப்பட்டதன்று. நமது கட்சிக்குச் சாதகமான பொய்ச்சாட்சியும் பொய்ச்சாட்சியே.

திருச்சபை சொல்வது என்ன?

2018 இல் புனிதராக உயர்த்தப்பட்ட பாப்பரசர் ஆறாம் சின்னப்பர், 1968 யூலை 25 ஆம் திகதியிட்டு மனித உயிரைப் பற்றிய தமது சுற்றுமடலை வெளியிட்டார். செயற்கைக் கருத்தடை தகாது என்பது அதன் போதனை. அந்தப் போதனை இரத்தக்கட்டியின்மேல் கட்டப்பட்டதன்று. விவாக அன்பு தன்னை முழுதாகக் கையளிப்பது, அது உயிருக்குத் திறந்திருப்பது என்ற அடித்தளத்தின்மேல் கட்டப்பட்டது. நாளைக்கே ஒருவர் எவ்வித ஆபத்தும் இல்லாத குளிசையைக் கண்டுபிடித்தாலும் அந்தப் போதனை மாறாது. ஆகவே போதனையைத் தாங்கிப் பிடிக்க மருத்துவப் பயமுறுத்தல் எதற்கு? தன் காலில் நிற்கும் ஒன்றுக்கு முட்டுக் கொடுப்பவன் அதன் பலத்தை நம்பாதவன்.

அதே சுற்றுமடலில் நம்மவர் பலர் அறியாத இரண்டு விடயங்கள் உள்ளன. முதலாவது: நோயைக் குணப்படுத்த அவசியமான மருந்து, கருத்தரித்தலைத் தடுக்கும் என்று முன்னரே தெரிந்திருந்தாலும், அந்தத் தடையே நோக்கமாக இல்லாதவரை அதைப் பாவிப்பது குற்றமன்று. மிகுந்த இரத்தப்போக்கு, தாங்கொணா வயிற்று வலி, கருப்பை சம்பந்தமான நோய்கள் முதலியவற்றுக்கு வைத்தியர்கள் இதே குளிசையைத் தருவதுண்டு. மணமாகாத பெண்பிள்ளைக்கும் தருவதுண்டு. அவளுடைய கைப்பையில் அந்த அட்டையைக் கண்டு ஊர்க்கதை பேசுவோர் பாவம் செய்கிறார்கள், அவள் அல்ல.

இரண்டாவது விடயம் கணவர்களுக்கானது. கருத்தடை முறைகளுக்குப் பழகிவிட்ட ஆண், மனைவியின் உடல் நலத்தையும் மன நலத்தையும் பொருட்படுத்தாமல் அவளைத் தன் இச்சைக்குக் கருவியாக்கிவிடுவானோ என்று பாப்பரசர் அஞ்சினார். இந்த எச்சரிக்கையைக் குளிசை பாவிக்கும் வீடுகளுக்கு மட்டும் என்று எண்ணுவது தவறு. குளிசையைத் தொடாத வீட்டிலும், மனைவியின் களைப்பையும், முந்திய பிரசவத்தில் அவள் பட்ட பாட்டையும், வைத்தியர் சொன்ன எச்சரிக்கையையும் பாராமல் தன் விருப்பத்தையே நிறைவேற்றுகின்ற கணவன் அவளைக் கருவியாகவே நடத்துகிறான். திருச்சபை அனுமதிக்கும் இயற்கை முறைக்கு இருவரின் ஒடுக்கமும் வேண்டும். பொறுப்பை மனைவியின் தலையிலும் சலுகையைத் தன் கையிலும் வைத்துக்கொள்பவன், போதனையைக் கைக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

வீட்டுக்குள் இருக்கும் சுவர்

இனி, நம் வீடுகளில் நடப்பதைப் பார்ப்போம். பெண்ணொருத்திக்கு ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது. இரண்டு நாள் எண்ணெய் பூசுகிறார்கள். பிறகு மூச்சு வாங்குகிறது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். கட்டிலின் ஒரு பக்கத்தில் மாமி. மறு பக்கத்தில் மைத்துனி. வைத்தியர் கேட்கிறார்: “வேறை ஏதும் குளிசை பாவிக்கிறனீங்களோ, பிள்ளை?” அவள் மாமியின் முகத்தைப் பார்க்கிறாள். “இல்லை டொக்டர்” என்கிறாள்.

அந்த ஒரு சொல்லில் எத்தனை பயங்கள்! மாமி அறிந்தால் என்ன சொல்வாள்? கோவிலில் என்ன கதைப்பார்கள்? சுவாமி அறிந்தால் ஏசுவாரோ? வைத்தியரின் கையில் இருந்திருக்க வேண்டிய முக்கியமான துப்பு அங்கே விழுங்கப்படுகிறது. உரிய நேரத்தில் கண்டுபிடித்தால், உறைவைத் தடுக்கும் மருந்தினால் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடலாம். தாமதமே கொல்கிறது.

ஆகவே ஒரு குருவாக இதைத் தெளிவாக எழுதுகிறேன். நீங்கள் குளிசை பாவிப்பதைப் பற்றித் திருச்சபையின் போதனை ஒருபுறம் இருக்கட்டும். அது உங்கள் மனச்சாட்சியோடும், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உங்கள் குருவோடும் நீங்கள் பேச வேண்டிய விடயம். வைத்தியரிடம் அதை மறைப்பது எந்தப் புண்ணியத்திலும் சேராது. உயிர் இறைவன் தந்தது. அதைக் காப்பது ஐந்தாம் கட்டளை. கூச்சத்துக்காக உயிரைப் பணயம் வைக்கும்படி எந்தக் குருவும் உங்களைக் கேட்கவில்லை. மாமிமாரே, வைத்தியர் உங்கள் மருமகளோடு பேசும்போது சற்று வெளியே நில்லுங்கள். அதுவும் ஒரு தருமம்தான்.

இன்னுமொன்று. கருத்தடைக்கன்றி, மாதவிலக்கைப் பிற்போடுவதற்கென்று மருந்துக் கடையில் குளிசை வாங்கி விழுங்கும் வழக்கம் நம் ஊர்களில் பரவியிருக்கிறது. அயலிலுள்ள சைவச் சகோதரிகள் கோவில் திருவிழாவுக்காகவும், நம் வீட்டுப் பெண்கள் கலியாணத்துக்காகவும் பயணத்துக்காகவும் அதைச் செய்கின்றனர். இதற்குப் பெரும்பாலும் பாவிக்கப்படும் நோரெதிஸ்தெரோன் என்னும் மருந்து, அதிக அளவில் உட்கொள்ளும்போது உடலினுள் ஓரளவு ஈஸ்திரோஜனாக மாறுகிறது. இது கருத்தடைக் குளிசை அல்லவே, ஆபத்தில்லை என்று எண்ணி, வைத்தியரைக் கேளாமல் எடுப்பது நல்லதன்று. ஏற்கெனவே கருத்தடைக் குளிசை பாவிப்பவர் இதையும் சேர்த்து விழுங்குவது அதனிலும் மோசம்.

அறிந்திருக்க வேண்டியவை

முன்பு இரத்தக்கட்டி வந்தவர்களும், கடும் இரத்த அழுத்தம் உள்ளவர்களும், கண்ணில் ஒளிக்கீற்றுத் தெரிந்து பின் ஒற்றைத் தலையிடி வருபவர்களும், 35 வயதைக் கடந்து புகைபிடிப்பவர்களும், பிள்ளை பெற்றுச் சில வாரங்களே ஆன தாய்மாரும் ஈஸ்திரோஜன் கலந்த குளிசையைப் பாவிக்கலாகாது. தாய், தகப்பன், சகோதரங்களில் யாருக்கேனும் இளவயதில் இரத்தக்கட்டி வந்திருந்தால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சில குடும்பங்களில் இரத்தம் எளிதில் உறையும் தன்மை பரம்பரையாக வருவதுண்டு. ஆபத்து அதிகமாயிருப்பது பாவிக்கத் தொடங்கிய முதல் மாதங்களிலும், சில வாரங்கள் நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கும்போதும் ஆகும். பெரிய சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கும்போது குளிசை பாவிப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவினரைப் பார்க்க நெடுநேரம் விமானத்தில் இருந்து போகிறவர்கள் இடையிடையே எழுந்து நடவுங்கள். தண்ணீர் போதியளவு குடியுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தல், திடீர் மூச்சுத் திணறல், மூச்செடுக்கும்போது நெஞ்சு குத்துதல், இரத்தம் கலந்த இருமல், முன்பு கண்டிராத கடுந் தலையிடி, பார்வை மங்குதல், கை கால் சோர்ந்துபோதல் என்பவற்றில் ஏதேனும் தோன்றினால், எண்ணெய் பூசிக்கொண்டு வீட்டில் இராமல் உடனே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும். பிள்ளை பெற்ற வீட்டாருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். பத்தியம் என்ற பெயரில் தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பதும், துடக்கு என்ற பெயரில் அவளை எழும்பி நடமாட விடாமல் கிடத்தி வைப்பதும் இரத்தம் உறைவதற்கு வழி செய்யும். குளிசையைப் பற்றிப் பேசும் நாம், நமது வழக்கங்களையும் அதே தராசில் நிறுக்க வேண்டும்.

குளிசையைக் கொடுப்பவர்களிடம் கேட்பதற்கும் உங்களுக்கு உரிமையுண்டு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்கிலோ, மருந்துக் கடையிலோ, இதில் எந்தச் சுரப்பு எவ்வளவு இருக்கிறது, எனக்கு இது பொருந்துமா, என் இரத்த அழுத்தத்தைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். விளங்காவிட்டால் விளங்கும் தமிழில் சொல்லும்படி கேளுங்கள். மானிப்பாயில் கிறீன் ஐயர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் தமிழில் வைத்தியம் சொன்னார் என்றால், இன்று ஒரு தாளைத் தமிழில் விளக்குவது இயலாத காரியமன்று. கொடுப்பவர்களே, கேளாமலே சொல்லுங்கள். அவள் பயந்துவிடுவாள் என்று மறைப்பது இரக்கமன்று. அவளைச் சிறுபிள்ளையாக எண்ணுவதாகும்.

முடிவாக, குருக்களாகிய நமக்கும் ஒரு சொல். திருச்சபையின் போதனையைக் கூச்சமின்றிப் போதிப்போம். அதைப் போதிக்கும் வாயால், தளர்ந்து நிற்கும் தாயொருத்தி தன் பயத்தைச் சொல்ல முடியாதபடி செய்துவிடாதிருப்போம். நம்மிடம் உண்மையைச் சொல்ல அஞ்சுகிறவள் வைத்தியரிடமும் அதைச் சொல்லாமலே போய்விடக்கூடும்.

வாசகரே, இந்தப் பத்திரிகையை மடித்து மேசை லாச்சியில் ஒளித்து வைக்காதீர்கள். வளர்ந்த மகள் வாசிக்கட்டும், மருமகளும் வாசிக்கட்டும், எல்லாருக்கும் முன்பாக வீட்டுத் தலைவன் வாசிக்கட்டும். வாசித்தபின், உனக்கு என்ன செய்கிறது என்று அவன் தன் மனைவியிடம் ஒரு முறை கேட்கட்டும். அவள் சொல்லும் மறுமொழியை முடிவுவரை பொறுமையாகக் கேட்கட்டும்.